மூன்றாம் தண்ணிக்கும் இறங்காத அம்மை

முதலில் ரசம்தான் எரிந்தது. மிளகு தூக்கலாகிவிட்டது என்று நினைத்து, சமைத்த மாமியாரிடம் முகத்தைக் காட்டிவிட்டு எழுந்தேன். மறுநாள் தயிர்ச்சோறும் எரிந்தபோதுதான் கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து பார்த்தேன். கன்னத்தின் உள்பக்கத்தில், தோலை உரித்துவிட்டதுபோல் சிவப்பாக ஒரு திட்டு இருந்தது.

நான் சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வாய்தான் எனக்குச் சோறு போடுகிறது. நாள் முழுக்கக் கத்துகிற வாயில் புண் வராமல் என்ன செய்யும் என்று சக ஆசிரியைகள் சொன்னார்கள். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், வைட்டமின் மாத்திரை என்று வாரங்கள் போயின. வயிற்றில் கோளாறு இருக்கலாம் என்று ஒரு மருத்துவர் எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் சோதனை) செய்தார். வயிறு சுத்தமாக இருந்தது. பல் மருத்துவர் கூராக இருந்த ஒரு கடைவாய்ப் பல்லை ராவிவிட்டார். புண் ஆறவில்லை. ஈறிலும் தொண்டை ஓரத்திலும் புதிதாக வந்தது.

இரண்டாம் முறை போனபோது அந்தப் பல் மருத்துவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். சின்னப் பெண் அவர். "மேடம், எதுக்கும் ஒரு தடவ ஸ்கின் டாக்டரப் பாத்துடுங்களேன்."

வாய்ப்புண்ணுக்குத் தோல் மருத்துவரா? தெரியாததால் கைகழுவி விடுகிறார் என்றே நினைத்தேன். அதைவிடப் பெரிய தடை பெயர்ப்பலகை. எங்கள் பக்கத்துத் தோல் மருத்துவர்களின் பலகையில் 'தோல் மற்றும் பால்வினை நோய் நிபுணர்' என்றுதான் எழுதியிருக்கும். இரண்டும் ஒரே படிப்பு. அது ஊருக்குத் தெரிய வேண்டுமே.

"வாயில புண்ணுன்னு போயி அந்த போர்டுக்குக் கீழ உக்காந்தின்னா, பாக்கறவன் என்னா நெனைப்பான்? உன்ன வுடு, என்னையில்ல ஒரு மாதிரி பாப்பான்," என்றார் என் கணவர். வாடகை வேன் ஓட்டுகிறவர். ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது.

எங்கள் மகள் தர்ஷினிக்கு அப்போது நான்கு வயது. என் மேலேயே ஒட்டிக்கொண்டு திரிவாள். பள்ளிவிட்டு வந்ததும் இடுப்பில் ஏறிவிட வேண்டும், அதற்கப்புறம்தான் எனக்குக் காபி. அவளைத் தூக்கும் இடது கையில்தான் முதல் கொப்புளம் வந்தது. நாவற்பழ அளவில் நீர் கோத்துத் தளதளவென்று இருந்தது. இரண்டொரு நாளில் மார்பு, முதுகு, தலை என்று பரவியது. சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மாமியார் என் முதுகைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா வந்துருக்கா. வூட்ல தாளிப்பு கூடாது, கவுச்சி கூடாது. மருந்து மாத்தரன்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

வாசலில் வேப்பிலை செருகினார்கள். கணவரின் அக்கா கலா அண்ணி சேத்தியாத்தோப்பிலிருந்து வந்து தர்ஷினியை அழைத்துக்கொண்டு போனார். வாசற்படியில் என்னைப் பார்த்துத் தாவியவளை அவர் பிடித்து இழுத்தார். "அம்மாவத் தொடக் கூடாது கண்ணு. அம்மாக்கு ஒடம்பெல்லாம் தோலு உரியுது பாரு. செரியாவட்டும், கூட்டியாந்து வுடறேன்." குழந்தை ஆட்டோவில் அழுதுகொண்டே போனது கடைத்தெரு வரை கேட்டதாகச் சொன்னார்கள்.

படித்தவள் இதையெல்லாம் நம்பினாயா என்று கேட்பீர்கள். நம்பினேன். மாதக்கணக்கில் பெயரில்லாமல் கிடந்த நோய்க்கு ஒரு பெயர் கிடைத்ததே நிம்மதியாக இருந்தது. முடியும் நாளும் தெரிந்திருந்தது. அம்மை கண்டவருக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை, நாள் பார்த்து மூன்று முறை தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணி ஊற்றினால் ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். அப்புறம் குழந்தை வந்துவிடுவாள்.

முதல் தண்ணியன்று, எரிகிறது என்றேன். மாமியார் வேப்பிலைக் கொத்தால் முதுகை வருடிக் கொடுத்தார். மெதுவாகத்தான் வருடினார். வருடிய இடத்தில் தோல் சுருண்டு இலையோடு வந்தது. நான் போட்ட சத்தத்தில் கொத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "கோவிச்சுக்காத தாயி, பொறுத்துக்க தாயி." அவர் கும்பிட்டது என்னை இல்லை. அந்த உடம்பில் நான் இருப்பதை அவர் மறந்துவிட்டாரோ என்று பயமாக இருந்தது.

மூன்றாம் தண்ணியும் ஊற்றினார்கள். இறங்கவில்லை. பழையது ஆறாமல் புதிது வந்துகொண்டே இருந்தது. இறங்காத அம்மைக்கு எங்கள் வீட்டில் ஒரே காரணம்தான் உண்டு: யாரோ குற்றம் செய்திருக்கிறார்கள். விசாரணை தொடங்கியது. காடாம்புலியூர்ப் பக்கம் சவாரி போன இடத்தில் முட்டை பரோட்டா தின்றதாக என் கணவர் ஒப்புக்கொண்டார். மாமியார் மகனோடு பேச்சை நிறுத்திக்கொண்டு, கூழ் ஊற்றுவதாக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். துணி ஒட்டிக்கொள்வதால் நான் வாழையிலையில் கிடந்தேன். ஒரு பரோட்டாவுக்கா இவ்வளவு தண்டனை என்று சிரிப்பு வந்தது. சிரித்தால் உதடு வெடித்து ரத்தம் வந்தது.

நோயைத் தேட வேண்டிய நாட்களில் நாங்கள் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தோம். எனக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்க்க வந்த கலா அண்ணி அறைக்குள் நுழைந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். பிறகு வெட்கப்பட்டு எடுத்துவிட்டார். முதுகைப் பார்த்துவிட்டு வெளியே போய்த் தம்பியிடம் கத்தியது எனக்குக் கேட்டது.

"டேய், சீழ் வெச்சி நாத்தம் அடிக்குதுடா. ஆத்தா கோவம் வந்தா எம்மேல வரட்டும். வண்டிய எடு."

"எங்கக்கா போறது?"

"அந்தப் பல்லு டாக்டரு சொல்லுச்சே, தோலு டாக்டருன்னு. அங்கதான்."

அப்போதும் என் கணவர், சிதம்பரம் வேண்டாம், கடலூருக்குப் போய்விடலாம் என்றார். தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதாம். உயிர் போகிற நேரத்திலும் எங்களுக்கு மானம் முக்கியமாக இருந்தது. வேனின் பின்சீட்டில் இலையை விரித்துப் படுக்கவைத்தார்கள். வேகத்தடைகள் ஒவ்வொன்றும் முதுகில் தெரிந்தன. கடலூர் மருத்துவமனைக் கூடத்தில், எதிர் நாற்காலியில் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் மின்விசிறியை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்.

மருத்துவர் முதலில் கொப்புளத்தைப் பார்க்கவில்லை. வாயைத் திறக்கச் சொன்னார். பிறகு கொப்புளமே இல்லாத இடமாகப் பார்த்துப் பெருவிரலை வைத்து அழுத்தி நகர்த்தினார். தோல் விரலோடு போனது.

"வாயில எப்பத்துலேர்ந்து இருக்குது?"

"கார்த்திகையிலேர்ந்து சார்."

"இது அம்மை இல்லம்மா. யாருக்கும் ஒட்டாது. ஆனா இவ்ளோ நாள் வுட்டிருக்கக் கூடாது."

பயாப்ஸி (சிறு சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) செய்து உறுதிசெய்தார்கள். பெம்ஃபிகஸ் என்று பெயர். கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்பாற்றல், நம் தோலை ஒட்டவைத்திருக்கும் பசையையே எதிரியாக நினைத்து அழிக்கும் நோய். பலருக்கு வாயில்தான் தொடங்குமாம். நான் கேட்டது ஒன்றுதான்.

"கொழந்தயத் தூக்கலாமா சார்?"

"அவளுக்கு ஒன்னும் ஆவாது. உங்க தோலுதான் இப்ப தாங்காது."

"எப்ப செரியாவும்?"

"அடங்கும்," என்றார். சரியாகும் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதைக் கவனிக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.

புண் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் பிழைப்பேனா என்று தெரியாமல் கிடந்தேன். பிழைத்தேன். ஸ்டீராய்டு (எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து) கொப்புளங்களை நிறுத்தியது. முகம் பூசணிக்காயாக உப்பியது, சர்க்கரை ஏறியது, எலும்பு வலித்தது. கண்ணாடியில் யாரோ ஒரு குண்டுப் பெண் என் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இந்த மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். பக்கத்துப் படுக்கையில் இருந்த மங்கலம்பேட்டைப் பெண், உடம்பு ஊதுகிறது என்று வீட்டுக்குப் போய் நிறுத்தியவள். இரண்டாம் முறை வந்தபோது அவள் திரும்பிப் போகவில்லை.

எனக்குக் கோபம் இருக்கிறது. அதை யார் மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை. மாமியார் என் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்துக் கிடந்து, கரண்டி கரண்டியாகக் கஞ்சி ஊட்டினார். நான் வீடு திரும்பியதும் வேண்டுதல்படி கூழ் ஊற்றினார். ஆத்தா மனமிரங்கித்தான் நான் பிழைத்தேன் என்று இன்றைக்கும் சொல்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வாயில் ஆறாத புண்ணோடு இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பலகைக்குக் கீழே உட்கார வேண்டியிருந்தாலும் போய் உட்காருங்கள்.

தர்ஷினி சேத்தியாத்தோப்பிலேயே எல்.கே.ஜி. சேர்ந்து படித்தாள். அவளைத் திரும்ப அழைத்துவர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்தவள் என் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் உட்கார்ந்தாள். எதற்கும் அத்தையைத்தான் போனில் கூப்பிட்டாள். நான் கையை நீட்டினால், "தொட்டா உரியுமா?" என்று கேட்டாள். கலா அண்ணி இல்லையென்றால் நான் உயிரோடு இல்லை. ஆனாலும் அந்தப் போனைப் பிடுங்கி எறியலாம்போல எனக்கு எரிந்தது.

போன மாதம் பள்ளியிலிருந்து வந்தவள், சீருடைப் பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை.

"என்னாடி அங்க மறைக்கிற?"

"ஒன்னுமில்ல."

விலக்கிப் பார்த்தேன். மைதானத்தில் விழுந்திருக்கிறாள். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் உதடு கோணியது.

"எனக்கும் தோலு உரிஞ்சிடிச்சிம்மா. நான் அத்த வூட்டுக்குப் போவணுமா?"

அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதேன். அவள் விலகிப் போகவில்லை. புண்ணைக் கழுவி மருந்து போட்டேன். ஒரு வாரத்தில் பொருக்கு உதிர்ந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "பாரும்மா, போயிடுச்சி." முழங்காலில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். யாரும் சொல்லாமலே தன் வேலையை முடித்துவிட்டு மறந்துபோகிற உடம்பு. எனக்கும் ஒருகாலத்தில் அப்படி ஒன்று இருந்தது. இப்போது காலையில் கண் விழித்ததும், இன்று என்ன கிழமை என்று யோசிப்பதற்கு முன் நாக்கு வாயைச் சுற்றி ஒருமுறை போய்வருகிறது. ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால் அன்றைய நாள் என்னுடையது. அதற்கு மேல் கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன்.

இன்று காலை ஈறு ஓரத்தில் தட்டுப்பட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அதேதான். கூடத்தில் தர்ஷினி ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். சேத்தியாத்தோப்புக்குப் போன் செய்யப் போன என் கணவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"மாமா, கடலூருக்குப் போவலாம். பாப்பாவும் நம்மகூட வரட்டும்."