பாவின் மேல் இறங்கிய ஐந்தாவது வாத்து

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. என் வாத்து ஒன்று தோட்டச் சுவரைத் தாண்டிப் பறந்து போய், பக்கத்து வீட்டுப் பட்டுப் பாவின் நட்டநடுவில் உட்கார்ந்தது.

வாத்து பறக்குமா என்று கேட்கிறீர்களா? பறக்காது என்றுதான் நானும் எழுதி வைத்திருந்தேன்.

ஆரணியில் நெசவுத் தெருவில் இருப்பவர்களுக்கு இதன் விபரீதம் உடனே புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புடவையின் நீளவாட்டு இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெருவில் நீட்டிக் கட்டி, இழை இழையாகப் பார்த்து, அறுந்ததை முடிந்து, பிறகு சுற்றி எடுப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அதுவரை எங்கள் தெருவில் ஒரு பைக்கும் ஸ்டார்ட் ஆகாது. பால்காரர் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டுக் கேனோடு நடந்து வருவார். இப்படி ஊரே ஒதுங்கிப் போகிற இடத்தில்தான் என் வாத்து போய் இறங்கியது.

பாவு, பக்கத்து வீட்டு சுமதி அக்காவுடையது. மூன்று கல்யாணப் புடவைக்கானது. அரக்கு நிறம். அடுத்த ஒரு மாதத்துக்கு அக்காவுக்கும் அவர் கணவர் சேகர் அண்ணனுக்கும் அதுதான் வேலை.

இனி என் கதை. நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன், வீட்டிலிருந்தே வேலை. மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். வீட்டுக்குப் பக்கவாட்டில் தெருச்சுவர் வரை கொஞ்சம் இடம் இருந்தது. அதில் வாழை, கீரை... அவற்றைத் தின்ன நத்தைகளும் நிறைய. நத்தைக்கு வாத்துதான் மருந்து என்று படித்தேன். இந்தப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் பழுப்பு நாட்டு வாத்துகள் நூற்றுக்கணக்கில் மேயும். எனக்கோ வெள்ளை வாத்துதான் வேண்டும். சந்தையில் மஞ்சள் பஞ்சுருண்டை மாதிரி ஐந்து குஞ்சுகள் வாங்கினேன். எல்லாம் ஒரே ஜாதி என்றார் விற்றவர்.

வீட்டுக்கு வந்ததும் போனில் படம் பார்த்து ஒப்பிட்டேன். மஞ்சள் ரோமம், வெளிர் அலகு... பெக்கின் என்கிற வெள்ளை வாத்து ஜாதி. கம்ப்யூட்டரில் ஒரு ஷீட் திறந்து தலைப்பு போட்டேன்: ‘பெக்கின் – 5’. கனத்த உடம்பு, பறக்காது, மூன்றடிச் சுவர் போதும் என்று கீழே குறிப்பு.

வளர்ப்பதில் ஒன்றும் குறை வைக்கவில்லை. வாத்துக்குக் குளம் தேவையில்லை, தலையை முழுசாக முக்குகிற ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தால் போதும். பழைய பிளாஸ்டிக் டப் வைத்தேன். ரைஸ் மில்லில் தவிடும் நொய்யும் வாங்கினேன். இரவில் கீரி வராமல் இருக்கக் கூண்டுக்குக் கம்பி வலை. நத்தைகள் ஒரே மாதத்தில் காலி. (கீரையும் காலி. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.)

எது ஆண், எது பெண் என்பதும் தெரிந்துகொண்டேன். வாலில் ஒரு இறகு மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் ஆண். அதன் குரல் தொண்டை கட்டியது போல இருக்கும். தெருவுக்கே கேட்கிறபடி கத்துவது பெண். என்னிடம் ஓர் ஆண், மூன்று பெண்.

ஐந்தாவது?

அது கத்தவே இல்லை. ‘அமைதியான சுபாவம்’ என்று எழுதினேன். நகம் நீளமாக இருந்தது. ‘வெட்டிவிட வேண்டும்’ என்று எழுதினேன். கண்ணைச் சுற்றித் தோல் சிவந்து தடித்தது. ‘அலர்ஜி’ என்று எழுதி, ஐந்து நாள் விடாமல் மஞ்சள் பூசினேன். பாவம், அதுவும் காட்டிக்கொண்டு நின்றது. பிறகு துணி துவைக்கும் கல் மேல் ஏறியது, சுவர் மேல் ஏறியது. ‘சுறுசுறுப்பு’ என்று எழுதினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சுறுசுறுப்பு சிறகை விரித்துவிட்டது.

நான் தவிட்டுக் கிண்ணத்தோடு ஓடினேன். அரக்குப் பட்டின் மேல் பளீரென்ற வெள்ளையாக அது உட்கார்ந்திருந்தது. பாவு தொட்டில் மாதிரி தொய்ந்தது. தெருவே உறைந்து நின்றது. பால்காரர் மட்டும் மெதுவாகக் கேட்டார், "இன்னாம்மா, வாத்து வளக்கறியா, ஹெலிகாப்டர் வளக்கறியா?" ஒரு பையன் போனைத் தூக்கினான். சுமதி அக்கா பார்த்த பார்வையில் போன் பாக்கெட்டுக்குத் திரும்பியது.

சேகர் அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு விரட்டப் போனார். அக்கா தடுத்தார்.

"யாரும் கிட்ட போவாதீங்க. பயந்துச்சுன்னா நகத்தால அத்தனையும் வாரிகினு போயிடும்." பிறகு என்னிடம், "மணிலா வாத்து வளக்கறேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"இது பெக்கின் அக்கா" என்றேன்.

"நீ இன்னா பேரு வேணா வெச்சிக்கோ. கத்த மாட்டேங்குது, கண்ணச் சுத்தி செவப்பு, காலப் பாரு, பூன மாதிரி நகம். தேசூர்ல எங்கம்மா வீட்ல இதுங்க கூர மேலதான் தூங்கும்." கையை நீட்டினார். "ஜல்தி உன் துப்பட்டாவ குடு."

துப்பட்டாவை அதன் தலை மேல் மெதுவாகப் போர்த்தினார். வாத்து அசையவில்லை. என்னை இரண்டு சிறகையும் சேர்த்து அணைத்துப் பிடிக்கச் சொன்னார். தூக்கக் கூடாது, கனத்தை மட்டும் தாங்க வேண்டும். சேகர் அண்ணன் பாவின் அடியில் கையைக் கொடுத்து நின்றார். அக்கா குனிந்து, ஒவ்வொரு நகமாக விரித்து, மாட்டியிருந்த இழைகளை ஒவ்வொன்றாக நழுவவிட்டார். கடைசி நகமும் விடுபட்டதும், "இப்ப தூக்கு" என்றார்.

அறுந்தது ஏழு இழை. பட்டு வழுக்காமல் இருக்க விரலில் சாம்பல் தொட்டு அக்கா ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்தார். வாத்தைக் கூண்டில் அடைத்துவிட்டு வந்து நான் சாம்பல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழாவது இழையும் சேர்ந்த பிறகு, பாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவிப் பார்த்தார். புடவைக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

ஐந்தையும் யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அக்கா சாம்பல் கையைத் தட்டிக்கொண்டார்.

"அதுங்க இன்னா பண்ணும்? பாவு நீட்டறதுக்கு மொத நாளே உனக்குச் சொல்லிடறேன், கூண்ட விட்டு வுடாத. மணிலாவுக்கு மட்டும் ஒரு பக்கத்து றெக்கைய வெட்டு. ரெண்டு பக்கமும் வெட்டிப்புடாத. சமமா இருந்தா தம் கட்டிப் பறந்துடும்."

அன்று மாலை அவரே கத்தரிக்கோலோடு வந்து, ஒரு பக்கத்து நீள இறகுகளை மட்டும் நறுக்கிக் கொடுத்தார். நகம் வெட்டுவது போலத்தானாம், வலிக்காது. புதிதாக முளைக்கிற இறகில் மட்டும் ரத்தம் ஓடும், அதைத் தொடக் கூடாது. இது நான் படித்த எந்தப் பக்கத்திலும் கண்ணில் படவில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. குரல், நகம், சிவப்பு, ஏறுகிற பழக்கம்... மணிலாவின் அடையாளம் அத்தனையும் என் கையெழுத்திலேயே, சாரி, என் டைப்பிங்கிலேயே இருந்தது. ஒன்றைக்கூட விடவில்லை. மேலே ஒரு பெயரைப் போட்டுவிட்டேன் அல்லவா? அதற்குக் கீழே வந்ததெல்லாம் அந்தப் பெயருக்கு விளக்கமாகிவிட்டது. மனிதர்களிடமும் இதைத்தானே செய்கிறோம்? முதல் நாளே ஒருவருக்கு ‘திமிர்’ என்று தலைப்புப் போட்டுவிட்டால், அவர் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்பதும் திமிர்க் கணக்கில்தான் சேரும்.

பெக்கின்கள் முட்டையிட்டுவிட்டு மறந்து போகிற ரகம். மணிலாதான் பொறுமையாக அடை உட்காரும். இப்போது அது கூண்டின் மூலையில், தன்னுடையதும் பெக்கின்களுடையதும் கலந்த ஒன்பது முட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. சுமதி அக்கா தினமும் வந்து பார்க்கிறார்; இரண்டு குஞ்சு அவர் வீட்டுக்கு என்று முடிவாகிவிட்டது.

என்ன ஜாதிக் குஞ்சு வரும் என்று தெருவில் கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன்... சொல்லிப் பாருங்கள், அப்படியொன்றும் கஷ்டமான வார்த்தை இல்லை.