கணக்கில் வராத காளைகள்

போன செவ்வாய்க்கிழமை மாலை, பக்கத்து வீட்டு ஞானமுத்து தங்கச்சி ஊரான தேவதானத்திலிருந்து திரும்பி வந்தார். அங்கே ஜோடியாக அனுப்பி வைத்திருந்த காளைகளில் ஒன்றுதான் கூட வந்தது.

மற்றது எங்கே? முகத்திலேயே தெரிந்தது – மாடுகளை வாரிக்கொண்டு போகிற வெக்கை நோய்.

எல்லாம் மாட்டுக் கணக்கெடுப்பில் ஆரம்பித்தது. நாடு முழுக்க ஆடு, மாடு, கலப்பை, வண்டி என்று சர்க்கார் எண்ணுகிறதல்லவா? எங்கள் செட்டியார்பட்டிக்கும் வந்தது. கிராமக் கணக்குப்பிள்ளைக்குக் கண் பார்வை மங்கல். ‘எழுதத் தெரிந்தவர்தானே, கூட வாரும்’ என்று என்னை இழுத்துக்கொண்டார். அடுத்தவர் வாசலில் நின்று பேசுவதென்றாலே எனக்கு வியர்த்துவிடும்... போனேன்.

எண்ண ஆரம்பிப்பதற்கு முந்தின நாள், ஞானமுத்து மெதுவாகக் கேட்டார்.

“அண்ணாச்சி, எண்ணிட்டு, பொறவு பட்டாளத்துக்கு ஓட்டிட்டுப் போயிருவாகளாமே?”

“அதெல்லாம் இல்லய்யா. மாட்டு டாக்டரு மருந்து கொண்டாரணும்னா, எந்த ஊர்ல எம்புட்டு மாடு இருக்குன்னு தெரியணும்லா?”

“எம் பையனைப் பட்டாளத்துக்கு அனுப்பும்போதும் நல்லதாத்தான் சொன்னாக. நெஞ்சை அளந்தாக, உசரத்தை அளந்தாக... இப்பம் எந்தச் சீமையில கெடக்கானோ. மாடும் போனா எனக்கு உழவு ஏது?”



மறுநாள் தொழுவம் காலி. விடியுமுன்பே காளைகளைத் தேவதானத்தில் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விட ஆள் பிடித்து அனுப்பிவிட்டார். அங்கே ஏற்கெனவே எண்ணி முடிந்துவிட்டதாம்.

கணக்குப்பிள்ளை தொழுவத்தை எட்டிப் பார்த்தார். “சாணி ஈரமாக் கெடக்கே ஞானமுத்து. நீரா போட்டீரு?”

அவர் மனைவி அன்னம்மாள் முந்திக்கொண்டாள். “தெருமாடு வந்து செத்த நேரம் நின்னுட்டுப் போச்சுங்கய்யா.”

“முளையடியில, தன்னைத்தானே கட்டிக்கிட்டு நின்னுச்சோ?”

எல்லோரும் சிரித்தோம். ஞானமுத்துவும் சிரித்தார். ‘மாடு இல்லை’ என்றே எழுதிக்கொண்டோம்.

சுற்று வட்டாரமெல்லாம் எண்ணி முடியட்டும் என்று அவர் காத்திருந்தார். அதற்குள் எங்கள் தெருவுக்கு மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். தேவதானத்திலோ, டாக்டருக்கு முன்னால் நோய் வந்து சேர்ந்தது. தங்கச்சி வீட்டு மாட்டுக்கு வந்தது, இவர் காளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒன்று பிழைத்தது.

“மாடு பிடிக்க ஒருத்தரும் வரலையே, அண்ணாச்சி” என்றார் ஞானமுத்து, திரும்பி வந்த அன்று, கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே.

உள்ளிருந்து அன்னம்மாள் குரல் வந்தது. “இப்பம் வந்து எண்ணச் சொல்லுங்க. சோலி சீக்கிரம் முடியும்.”

நேற்று நல்ல மழை. ஊரில் எல்லார் ஏரும் வயலில் இறங்கிவிட்டது. ஞானமுத்து மட்டும், ஒற்றைக் காளைக்கு இணை கிடைக்குமா என்று ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் விசாரிக்கப் போயிருக்கிறார்.

அவரை அசடு என்று ஊர் சொல்கிறது. எனக்கு மனசு வரவில்லை. எண்ண வருகிறவர்கள், இதற்கு முன்னே ஒரு தடவையாவது எதையாவது கொடுக்க வந்திருந்தால், அவரும் நம்பியிருப்பார்; அந்தக் காளை இன்று ஏரில் நின்றிருக்கும்.