போன சோக்கு

பொன்முடி அடிவாரத்தில் துப்பாக்கி லைசென்ஸ் உள்ள பெண்பிள்ளை எனக்குத் தெரிந்து ஜெயஷீலா அக்கா ஒருத்திதான். அதற்காகப் பெரிய வீராங்கனை என்று நினைத்துவிட வேண்டாம். பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிவிடுவாள். கணவர் சத்தியதாஸ் இறந்து சில வருஷமாகிறது. மகள் லிபி பெங்களூரில். பக்கத்து வீடு என்று சொல்லிக்கொள்ள எங்கள் வீடுதான், அதற்கும் ஒரு மேடு ஏறி இறங்க வேண்டும். பேச ஆளில்லாமல் அவள் ரேடியோவோடு சண்டை போடுவதைக் கேட்டிருக்கிறேன். கேட்கவே கஷ்டமாக இருக்கும்.

வீட்டைச் சுற்றி மரச்சீனிக் கிழங்கு போட்டிருக்கிறாள். பன்றிக் கூட்டம் வந்து உழுதுபோட்டுவிட்டுப் போகிறது. சுடுவதற்குப் பஞ்சாயத்து அனுமதி உண்டு. ஆனால் இவள் சுட்டால் பன்றிக்கு ஒன்றும் ஆகாது, வாழையிலைதான் கிழியும். "இந்தத் தடவையும் கிழங்கு போச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துரணும்" என்று லிபி கறாராகச் சொல்லிவிட்டாள். மகளின் ஏழாவது மாடி வீட்டுக்குப் போக அக்காவுக்கு மனசில்லை. சத்தியதாஸின் கல்லறை இங்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அங்கே போய் நிற்காமல் அவள் வீடு திரும்பியதில்லை.

அந்தத் துப்பாக்கி, அக்கா பேச்சில் தோக்கு, எஸ்டேட் துரை ஒருவர் சத்தியதாஸின் அப்பாவிடம் விட்டுப்போன இரட்டைக்குழல். நூறு வயசுக்கு மேலிருக்கும். கல்யாணமான புதிதில் அவர் எஸ்டேட்டுக்கு இராக்காவல் போவார், இவள் தனியாகக் கிடப்பாள். காவலுக்கு இருக்கட்டும் என்று துப்பாக்கியைக் கொடுத்தால், முன்பாரம் தாங்காமல் இவள் கையில் அது தலை சாய்ந்துவிடும். ஒருநாள் அவர் அதை நகரத்துக்கு எடுத்துப்போய், சட்டம் விட்ட அளவுக்குக் குழல்களை வெட்டிக்கொண்டு வந்தார். மேஜைமேல் வைத்துவிட்டு, "சோக்கு போச்சு ஷீலா" என்றார்.

பார்க்கவும் அது மொட்டையாகத்தான் இருந்தது. "சோக்கு என்னத்துக்கு? தோக்கு என்ன கல்யாணத்துக்கா போவுது?" என்றாள் இவள். அவர் சிரித்தார்.

எஸ்டேட்டில் ஓணத்துக்குத் தேங்காய் சுடும் போட்டி உண்டு. தூரத்துக் கம்பத்தில் கட்டிய தேங்காயைச் சத்தியதாஸ்தான் வருஷம் தவறாமல் உடைப்பார். குழல் வெட்டிய பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. "அழகு போன தோக்கைக் கொண்டுபோவ வெக்கமாக்கும்!" என்று இவள் கேலி செய்துகொண்டே இருந்தாள், அவர் சாகும்வரை.

போன மாசம் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சாலைக் கடைத்தெரு பக்கம் துப்பாக்கி ரிப்பேர் செய்யும் ரதீஷிடம் போனாள். அவன் குழலின் வாயை உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல சோக்கு இல்லியே" என்றான்.

"அழகு கெடக்கட்டு மோனே. குண்டு பன்னிமேல பட்டா மதி."

ரதீஷ் சிரித்துவிட்டான். "ஐயோ, அந்த சோக்கு இல்லக்கா. குழலோட வாய் கொஞ்சம் ஒடுங்கி இருக்கும், அப்பதான் சின்னக் குண்டெல்லாம் சிதறாம சேர்ந்து போவும். அதுக்குப் பேருதான் சோக்கு. முனையை வெட்டுனா அதும் போயிரும். பின்னே தூரத்துக் குறி கிட்டாது."

"வெட்டச் சொன்னவியளுக்கு அது தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாம பின்னே?"

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கேட்டாள், கொடுத்ததைக் குடிக்கவில்லை.

வாய்க்குச் சற்று உள்ளே குழலைக் குடைந்து அகலப்படுத்தினால், அதைவிட வாய் ஒடுக்கமாகிவிடும், இரண்டு குழலுக்கும் செய்து தருகிறேன் என்றான் ரதீஷ்.

"ஒண்ணுக்கு மட்டும் போடு. மற்றது அவிய வெட்டினபடி கெடக்கட்டு."

துப்பாக்கி திரும்பி வந்த அன்று வெடிச்சத்தம் கேட்டு நான் மேடேறி ஓடினேன். பலா மரத்தில் செய்தித்தாள் ஒன்று அடித்திருந்தது. ஓட்டைகளெல்லாம் நடுவில் ஒரு தட்டளவுக்குள் நெருங்கிக் கிடந்தன. இனி பன்றி பிழைக்காது, இவள் எங்கும் போக வேண்டியதில்லை என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அக்கா துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சோக்கு வந்துட்டு, கேட்டியளா" என்றாள்.

"ஆமாக்கா, நல்லா வந்திருக்கு" என்றேன்.

"உன்னிட்ட சொல்லல்ல" என்றாள்.