மண்ணுக்குள் போன கரகரப்பு

ஆம்ப்ளிபயரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்கின் மேல் தூசி கருகும் வாசனை உங்களுக்குத் தெரியுமா? பதுளையில் என் ரிப்பேர் கடைக்குள் நுழைந்தால் முதலில் அதுதான் மூக்கில் ஏறும். போன வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் கிளாஸ் ஏ ஆம்ப்ளிபயரைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து மேசையில் வைத்தார். "தம்பி, இதுல கேட்டாத்தான் கொரல் கொரலா இருக்கு. கிளாஸ் ஏபி எல்லாம் கொரலக் கொன்னுப்புடும்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். அதனால் யார் வாயைத் திறந்தாலும் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவேன். "பயாஸ ஒழுங்கா வச்சா ஏபி கொல்லாதுங்க சேர்" என்று ஆரம்பித்தவன் பாதியில் நின்றுவிட்டேன். அன்று காலைதான் தங்கை செல்வி போனில் அழுதிருந்தாள். "அம்மா கொரல் போயிருச்சுண்ணே."

பாதியில் விட்ட பாடத்தை உங்களிடம் முடித்துவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மலையில் ஒரு மூட்டையை இரண்டு பேர் கைமாற்றிக் கொண்டுபோவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் ஒருவன், இறக்கத்தில் மற்றவன். கிளாஸ் ஏபி ஆம்ப்பில் ஒலியின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்பாதியை இன்னொன்றும் சுமப்பது இப்படித்தான். கைமாறும் இடத்தில் இருவருமே விழித்திருக்க வேண்டும். அதற்காக ஓடவிடும் சிறு மின்னோட்டம்தான் பயாஸ். அது குறைந்தால் கைமாறும் இடத்தில் மூட்டை நழுவும், ஒலி கரகரக்கும். சத்தமான பாட்டில் அது தெரியாது. மெல்லிய குரல்தான் மாட்டிக்கொள்ளும். கிளாஸ் ஏயில் கைமாற்றும் பேச்சே இல்லை. இருப்பவன் மூட்டையை இறக்கி வைப்பதே இல்லை, பாட்டு இல்லாத நேரத்திலும் வியர்த்துக்கொண்டே நிற்பான்.

எங்கள் அப்பா வாங்கிய ஆம்ப், கேசட் செட்டோடு சேர்த்து ஒரு பஸ்ஸிலிருந்து கழற்றியது. ஸ்பிரிங்வெளிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை. பேட்டரியைச் சார்ஜ் போடத் தலையில் சுமந்துகொண்டு கடைவீதிக்குப் போக வேண்டும். விற்றவன், "சூடாகாது, பேட்டரியத் திங்காது" என்று சொல்லித்தான் கொடுத்தான். பயாஸை அடியோடு இறக்கி வைத்திருந்தான் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

செல்வி நடை பழகிய கையோடு அம்மா அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஊர் திரும்பிய ஒரு பெண்ணிடம் ஒரு கேசட் கொடுத்தனுப்பினார். அந்த வீட்டார் பகல் தூக்கம் போடும் நேரத்தில் சமையலறையில் இருந்து கிசுகிசுத்த குரல். "பாப்பா, சோறு தின்னியா? அண்ணன் முடியப் புடிச்சு இழுக்காத. அம்மா வந்துருவேன், என்னா?"

அம்மா வந்தது ஆணியடித்த பெட்டியில். திறக்கக் கூடாது என்றார்கள். திறக்காமலே புதைத்தோம்.

லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. இங்கே தும்மினால் அங்கே "நூறு வயசு" என்பார்கள். இருட்டும் முன் செல்வி கேசட்டைப் போடச் சொல்லி அடம்பிடிப்பாள். அப்பா பாய்ந்து வந்து சத்தத்தைத் தணிப்பார். "செத்தவ கொரல லயமே கேக்கணுமா? கொறைச்சு வைடா." குறைக்கக் குறைக்கக் குரல் தகரத்தில் மணல் தேய்ப்பதுபோல் ஆகும். அடுத்த காம்பராவில் இருந்த ராசம்மா அத்தை சுவருக்கு மேலாகக் கேட்பார். "என்னா மருமகனே, அடிப்புடிச்ச சட்டியச் சொரண்டுறீங்களா?" செல்வி ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு, "தின்னுட்டேம்மா" என்பாள். அப்படியே தூங்கிப்போவாள்.

பிறகு நான் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தேன். பயாஸ் பாடம் நடந்த நாளில் எனக்கு வகுப்பில் இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போய், ஆம்ப்பைத் திறந்து, பயாஸைக் கூட்டிக் குறைக்கும் பிரீசெட்டை ஸ்குரூ டிரைவரால் மெல்லத் திருகினேன். குரலில் இருந்த மணல் உதிர்ந்தது. அம்மா பேசினார். அந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்டது. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த செல்வி வாசலிலேயே நின்றாள்.

"யாருண்ணே இது?"

"அம்மாடி."

"இல்ல. எங்கம்மா இப்புடிப் பேசாது. எங்கம்மாவ என்னா செஞ்ச நீ? பழையபடி வையி!"

எவ்வளவோ விளக்கினேன். மூட்டைக் கதையையும் சொன்னேன். படிப்பெல்லாம் அவளிடம் எடுபடவில்லை. பிரீசெட்டைத் திருப்பி வைத்தேன். மணல் திரும்ப வந்தது. அவள் ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டாள்.

கல்யாணமாகி ஹல்துமுல்லைப் பக்கம் போனபோது அவள் கேட்ட சீர் அந்த ஆம்ப்பும் ஸ்பீக்கரும் கேசட்டும்தான். மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணு கூடவே பஸ்ஸும் வருதா?" என்று கேலி செய்தார்கள். நான் முன்பே கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தேன். சுத்தமான குரல், எனக்காக.

இந்த மழையில் அவள் லயத்துக்கு மேலிருந்த மேடு சரிந்து அதன் மேலேயே இறங்கிவிட்டது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள் வேறெதையும் எடுக்கவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருக்கிறார்கள்.

போன் செய்த மறுநாள் மகளோடு கடைக்கு வந்தாள். யாரோ கொடுத்த சட்டை, தோளில் நிற்கவில்லை. ஆசிரியரின் ஆம்ப் மேசையில்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் இருந்த குரலை முதலில் அதில் போட்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. செல்வி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலமாரியில் கிடந்த ஒரு பஸ் ஆம்ப்பை எடுத்து மாட்டினேன். பிரீசெட்டை இறக்கினேன். நல்ல ஒலிக்காகக் காசு வாங்குகிறவன், அதைக் கெடுக்க வியர்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப?"

"இல்லண்ணே."

இன்னும் இறக்கினேன். ஸ்பீக்கரை மாற்றினேன். சத்தத்தைக் குறைத்தேன்.

"கொஞ்சம் கிட்ட வருது..." கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு தலையை ஆட்டினாள். "இல்லண்ணே. விட்டுரு."

அந்தப் பழைய டிரான்சிஸ்டர்கள், ஈரத்தில் ஊறிய அந்த ஸ்பீக்கர் காகிதம், தேய்ந்த அந்த நாடா, எல்லாம் சேர்ந்த கரகரப்பு அது. மண்ணுக்குள் போய்விட்டது.

நிறுத்த மறந்த ஸ்பீக்கரில் அம்மா இன்னும் சோறு தின்னியா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மடியில் இருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரும்மா பேசுறது?"

செல்வி அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"மாமாவோட அம்மா."