சர்க்கரை என்றதும் சிரித்தேன்

போன வாரம் எங்கள் மாடி வீட்டுப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கிருஷ்ணன்கோவில் காலேஜில் லெக்சரர். வயிற்றில் முதல் பிள்ளை. கையில் லேப் ரிப்போர்ட்.

"கர்ப்பத்துல வர்ற சுகராம் ஆன்ட்டி..." என்று விசும்பினாள்.

"அப்பாடா... கண்டுபிடிச்சிட்டாங்களா? ரொம்ப சந்தோஷம்!" என்றேன்.

அழுகை சட்டென்று நின்றது. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே — பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கு எல்லாம் ஒரு கட்டத்தில் மூளை குழம்பிவிடும் போலிருக்கிறது என்று வாய் திறக்காமலே சொல்லிவிட்டு, விறுவிறுவென்று மாடியேறிப் போய்விட்டாள்.

அவளிடம் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் பாதியில் எழுந்து போக மாட்டீர்கள். போனாலும் எனக்குத் தெரியாது!

எண்பதுகளின் தொடக்கம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடுவதற்குள் மற்ற ஊர் வந்துவிடும். முதல் பிரசவத்துக்கு வழக்கப்படி அம்மா வீட்டுக்குப் போனேன். நல்ல பெரிய வயிறு. "பிள்ளை கொழுகொழுன்னு வருது" என்று ஆளுக்கு ஆள் பெருமை. வந்தவர்கள் எல்லாம் ஆசையாக ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போனார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் என்ன ஊட்டுவார்கள் என்று சொல்லவா வேண்டும்?

கடைசி மாசத்தில் ஒரு நாள் வயிற்றில் அசைவு நின்றுவிட்டது.

ஆண் பிள்ளை. நல்ல எடை. தலை நிறைய முடி. உயிர் மட்டும் இல்லை.

ஏன் இப்படி ஆனது? யாருக்கும் தெரியவில்லை. தெரியாத விஷயத்துக்கெல்லாம் நம்மிடம் ஒரு பதில் தயாராக இருக்குமே... என் மாமியாரின் தங்கை, நாங்கள் சித்தி என்று கூப்பிடுகிறவர், துக்கம் கேட்க வந்த இடத்தில் அதைச் சொன்னார்.

"அவ ராசி அப்பிடி. என்ன செய்ய?"

அந்த ஒரு வார்த்தை ராஜபாளையம் முழுக்கச் சுற்றி வந்தது. காதுகுத்து வீட்டுக்கு எனக்கு அழைப்பு வரும். ஆனால் பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினால், "பசிக்குது போல, இங்கன குடுங்க" என்று யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். முதலில் கோபம்தான் வந்தது. போகப் போக நானே அதை நம்ப ஆரம்பித்தேன். கொடுமை அதுதான்.

இரண்டாவது தடவை உண்டானபோது ராஜபாளையத்திலேயே ஒரு லேடி டாக்டரிடம் போனேன். முதல் பிள்ளையின் எடையைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள்.

"உங்களுக்குக் கர்ப்பத்தோட சேர்ந்து வர்ற சர்க்கரை வியாதிம்மா. போன தடவையும் இருந்திருக்கணும். குழந்தை தங்காம போனதுக்கு அது காரணமா இருக்கலாம்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன்.

"ஏம்மா, வியாதின்னு சொல்றேன், சிரிக்கிறீங்க?"

"அப்போ... ராசி இல்லையா டாக்டர்?"

"நான் படிச்ச எந்தப் புத்தகத்துலயும் அப்படி ஒரு வியாதி இல்லையே" என்றார் அவர்.

யோசித்துப் பாருங்கள். ராசிக்கு டெஸ்ட் உண்டா? பத்தியம் உண்டா? சர்க்கரைக்கு உண்டு! என் எதிரி யாரென்று தெரிந்துவிட்டது. சண்டை போட்டுப் பார்த்துவிடலாம் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

டாக்டர் விவரமாகச் சொல்லி அனுப்பினார். சோறு அளவாக. ஒரேயடியாக வயிறு முட்டச் சாப்பிடாமல் பிரித்துப் பிரித்து. கீரை, சுண்டல், முட்டை, மோர். சாப்பிட்டதும் நடை. இதிலெல்லாம் கட்டுப்படவில்லை என்றால் இன்சுலின் ஊசி. தவிர, வீட்டிலேயே அடிக்கடி சிறுநீர் டெஸ்ட். மெடிக்கல் ஷாப்பில் ஒரு நீலத் திரவம் விற்பார்கள். அதில் சிறுநீரைச் சில சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று போனால் கவனம். செங்கல் நிறம் வந்தால் ஆபத்து.

வீட்டில் நிதி, உணவு, உள்துறை எல்லாம் அத்தை கையில். மாமியாரைத்தான் சொல்கிறேன். விஷயத்தைக் கேட்டதும் அத்தை துளியும் அசரவில்லை.

"சீனிதான கூடாது? நான் பாத்துக்கிடுதேன், நீ பேசாம இரு."

மறுநாளிலிருந்து காபி அமிர்தமாக இருந்தது. பிறகென்ன... கருப்பட்டி! "கருப்பட்டி பனையில வாரது. உடம்புக்குக் குளிர்ச்சி. அது எப்பிடிட்டி வியாதி ஆகும்?" ராத்திரிக்குச் சோறு கிடையாது. பதிலுக்கு ஒரு அடுக்குச் சப்பாத்தி. "கோதுமை சக்கரைக்காரவுகளுக்குன்னே உள்ளது. எம்புட்டு வேணாலும் தின்னலாம்." நான் சொன்ன எதுவும் அத்தையிடம் எடுபடவில்லை.

வாதாடி ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும், டெஸ்ட் பண்ணும்போது அத்தையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். விளக்கு எரிந்தது. கண்ணாடிக் குழாயில் நீலம் கொதித்தது. பச்சையானது, மஞ்சளானது... நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது.

"ஆத்தாடி... மொளகாப் பொடியக் கரைச்ச மாதிரில்லா இருக்கு!" என்றார் அத்தை. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார், "இது பிள்ளைக்கும் போகுதாட்டி?"

"எனக்கு ரத்தத்துல சர்க்கரை கூடுனா பிள்ளைக்கும் கூடத்தான் போகும் அத்தை."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்பம் போன பிள்ளைக்கு..." என்று தொடங்கினார்.

"நமக்குத் தெரியாதுல்ல அத்தை. இப்பத் தெரிஞ்சிருச்சு" என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழுததை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், வீட்டில் இருந்த கருப்பட்டி மொத்தத்தையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அதோடு அவர் போலீஸாகிவிட்டார். சோற்றை அளந்து போடுவார். சாப்பிட்டு முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். இரண்டு பேரும் தெருத் தெருவாக நடப்போம். "வாயும் வயிறுமா இருக்கவள வெயில்ல இழுத்தடிக்காளே அக்கா" என்று சித்தி ஊரெல்லாம் சொன்னார். அத்தை காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தாள். கையில் பால்கோவாப் பொட்டலம். அத்தை வாசலிலேயே மறித்தார்.

"வாங்க சம்பந்தி. நீங்க உள்ள வரலாம். அது வரக் கூடாது."

"பிள்ளைத்தாச்சி ஆசைப்படுவாளே... ஒரு வாய்தான" என்றாள் அம்மா.

"ஒரு வாய் ஒரு வாயாத்தான போன தடவ எல்லாரும் ஊட்டுனோம்?"

அம்மாவின் முகம் வாடிப்போனது. அத்தை விளக்கைக் கொளுத்தி, டெஸ்டை முதலிலிருந்து கடைசி வரை அம்மாவுக்குச் செய்தே காட்டினார். எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒரு லெக்சர் வேறு! அடுத்த தடவை அம்மாவின் பையில் பாசிப்பயறும் முருங்கைக்கீரையும்தான் இருந்தன.

எல்லாம் சுலபமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது மாம்பழ சீசன். மலையடிவாரத் தோப்புகளிலிருந்து வண்டி வண்டியாக இறங்குகிறது. தெரு முழுக்க வாசம். டாக்டர் பெரிய மனது பண்ணி ஒரு துண்டுக்கு அனுமதி கொடுத்தார். அந்த ஒரு துண்டை நான் தின்று முடித்த நேரத்தில் நீங்கள் ஒரு கல்யாணத்தை நடத்தி முடித்திருக்கலாம்.

ஆனால் நிறம் மாறியது! செங்கல் மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகி, ஒரு நாள் கொதிக்கக் கொதிக்க நீலமாகவே நின்றது. அத்தை அந்தக் குழாயை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஏதோ சென்ட் என்று நினைத்துப் பால்காரர் அதை வாங்கி முகர்ந்து பார்த்த கதையை எழுத என் எடிட்டர் விடமாட்டார். ரத்த டெஸ்டும் நன்றாக வந்தது. ஊசிக்கு வேலையே வரவில்லை.

பெண் பிள்ளை பிறந்தாள். அளவான எடை. ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுதாள். அந்தச் சத்தத்துக்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன்! நானும் அவளுக்குச் சமமாக அழுதேன்.

குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார், "சர்க்கரை கொஞ்சம் குறையுது. இந்த மாதிரி அம்மாக்களுக்குப் பிறக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் ஆகும். துளி சீனித்தண்ணி குடுங்க. உடனே தாய்ப்பாலும் குடுங்க."

அத்தைக்கு வந்ததே கோபம். "இம்புட்டு நாளும் சீனி சீனின்னு எங்க உசிர எடுத்துட்டு, இப்பம் சீனித்தண்ணியா?"

இந்தக் காலத்து டாக்டர்கள் தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக வைக்கும் இனிப்புக்குச் சேனை என்று பெயர். யார் கையால் வைக்கிறார்களோ அவர்கள் குணமும் யோகமும் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேனை வைத்தவர் சித்திதான். அன்றும் யாரும் கூப்பிடாமலே கையைக் கழுவிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

அத்தை சீனித்தண்ணிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "நீ வைட்டி."

"என்னக்கா இது? சேனைக்கு ராசியான கையில்லா வேணும்?" என்றார் சித்தி.

"அதான் அவ கையில குடுத்திருக்கேன்."

விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து வைத்தேன். என் மகள் சப்புக்கொட்டினாள்.

கழுவிய ஈரக் கையை எதில் துடைப்பது என்று சித்தி சுற்றும்முற்றும் தேடிக்கொண்டிருந்தார்.