ரேஞ்சு வளைவில் சேமித்த லிங்குகள்

போடிமெட்டுப் பக்கம் நாங்கள் இருக்கும் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் ரேஞ்சு கிடையாது. மேலே ரோட்டு வளைவில் மட்டும் போன் வேலை செய்யும். வேலை முடிந்ததும் லயமே அங்கே போய் நிற்கும். சீரியலோ பாட்டோ, எதுவானாலும் வளைவிலேயே போனில் இறக்கிக்கொண்டு வந்து வீட்டில் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். இது லயத்துச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆராய்ச்சி பண்ணுகிற எனக்குத்தான் உறைக்கவில்லை.

ஏலச்செடியை நாசம் பண்ணும் இலைப்பேனைப் பற்றியது என் ஆராய்ச்சி. நெறியாளர் கீழே போடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இருக்கிறார். ஒரு கட்டுரையின் பேரைச் சொல்லி, “அதப் படிக்காம ரெண்டாவது அத்தியாயத்தக் கொண்டு வந்தா கையெழுத்துப் போட மாட்டேன்ம்மா” என்றுவிட்டார். கையெழுத்து இல்லையென்றால் என் முனைவர் பட்டப் பதிவே ரத்தாகிவிடும்.

முதலில் புக்மார்க் சேமிக்கிற செயலிகளைப் பிடித்தேன். ஒன்று எதைக் கொடுத்தாலும் ஒரே குவியலாகப் போட்டது. என் இலைப்பேனுக்குத் தலைமேல் என் வீட்டுக்காரர் பார்த்த ஜீப் டயர் வீடியோ. இன்னொன்று கலர் கலராக லேபிள் ஒட்டும். அதில் சொக்கிப்போனேன். இலைப்பேனுக்குப் பச்சை, பூஞ்சைக்கு மஞ்சள் என்று ஒரு சாயங்காலம் முழுக்க வளைவில் நின்று ஒட்டினேன். பெருமையோடு வீட்டுக்கு வந்து திறந்தால், ‘இணைய இணைப்பு இல்லை’ என்றது. அட கடவுளே! அது சேமித்ததெல்லாம் வெறும் முகவரி.

வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். குடித்த டீ மூக்கு வழியாக வரச் சிரித்தார்.

“வழியெல்லாம் எழுதிக் கொண்டாந்துட்ட சரி. வண்டி எங்கடி?”

அன்றைக்கு அவருக்கு வெறும் ரசம்தான் வைத்தேன்.

மூன்றாவது செயலி பக்கத்தையே சேமித்தது, வீட்டிலும் திறந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்தது தலைப்பு, சுருக்கம், ‘முழுக் கட்டுரைக்குப் பணம் கட்டவும்’ என்ற பொத்தான், அவ்வளவுதான். பூட்டிய கதவைப் பத்திரமாக வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறேன்!

பிறகு இலவசக் கட்டுரை தேடித் தரும் தளங்கள். ஒன்று கொட்டை எழுத்தில் ‘இலவசம்’ என்று போட்டு அதே சுருக்கத்தைத்தான் நீட்டியது. இன்னொன்று பேரைப் பதியச் சொல்லி, தினமும் நலம் விசாரித்து மெயில் போட்டது, கட்டுரையைத் தவிர எல்லாம் தந்தது. உருப்படியாக இருந்தது பிரவுசரின் ஓரத்தில் சின்னப் பூட்டு காட்டுகிற ஒன்றுதான். எழுதியவர்களே எங்காவது பொதுவில் பிரதி வைத்திருந்தால் பூட்டு பச்சையாகும். என் கட்டுரைக்கு மட்டும் அது சாம்பல் நிறத்திலேயே கிடந்தது.

நெறியாளரைப் பார்க்கப் போகிற காலையில் எங்கள் ஜீப் போடிச் சந்தைக்குப் போகிற ஆட்களால் நிரம்பி வழிந்தது. வளைவில் கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். பூட்டு பச்சை! நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்தார்.

“யாருக்கு என்ன ஆச்சு?” என்று பின்சீட்டு அக்கா பதறினார்.

“கட்டுரை கிடைச்சிருச்சுக்கா!”

“அடிப்பாவி, அதுக்கா இந்தக் கத்து கத்துன?” என்று திட்டியவரே அடுத்த நொடி எல்லார் பக்கமும் திரும்பினார். “யாரும் போனத் தொடாதீங்க. ரேஞ்ச அந்தப் புள்ளைக்கு விடுங்க!”

அத்தனை பேரும் போனை அணைத்துவிட்டு என் திரையையே பார்த்தார்கள். சந்தைக்கு நேரமாகிறது என்று ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கட்டுரை இறங்கி முடிந்ததும் ஜீப்பே கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொண்டை ஊசி வளைவெல்லாம் குமட்டலோடு படித்து முடித்தேன்.

நெறியாளரிடம் கட்டுரையை வரிவரியாக விளக்கினேன். “ஓ, அப்படியா!” என்று அடிக்கடி ஆச்சரியப்பட்டார். எனக்குச் சந்தேகம் தட்டியது. கையெழுத்தைப் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, இது உனக்கு எப்படிக் கெடச்சது? நானும் ரொம்ப நாளா தேடுறேன். சுருக்கத்தத் தாண்டிப் படிச்சதில்ல. எனக்கும் ஒண்ணு அனுப்பி வை.”

எனக்கு ரத்தம் கொதித்தது. “சரிங்க சார்” என்றேன்.

திரும்பும்போது வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். முழுக் கட்டுரையும் என் போனில்தான் இருந்தது. அதைத் தொடவில்லை. பணம் கட்டச் சொல்லும் பக்கத்தின் லிங்கை எடுத்து, பச்சை லேபிள் ஒட்டி, சாருக்கு அனுப்பி வைத்தேன்.