இருபத்து மூன்றாம் வரிசையில் உம்மா

அலுமினிய பெஞ்சின் குளிர் உட்கார்ந்த முதல் நிமிஷத்தில் ஒன்றும் செய்யாது, இரண்டாவது நிமிஷத்தில் சல்வாரைத் தாண்டி வந்து தொடையைக் கவ்விக்கொள்ளும் என்பதால், உம்மா ஒவ்வொரு நவம்பர் ஆட்டத்துக்கும் பழைய செய்தித்தாளை நாலாக மடித்து எங்கள் இருவருக்கும் எடுத்து வருவாள்.

உம்மா காயல்பட்டினத்துப் பெண். கல்யாணம் முடிந்து டெக்சாஸில் சுகர் லேண்டுக்கு வந்தபோது அமெரிக்க ஃபுட்பால் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி லேப் வேலைக்கான படிப்புக்காக ஹூஸ்டனில் ஒரு சின்னக் கல்லூரியில் சேர்ந்தாள். மாணவர் அட்டையைக் காட்டினால் கல்லூரி அணியின் ஆட்டத்தை இலவசமாகப் பார்க்கலாம் என்றார்கள். அப்படி என்னதான் சத்தம் என்று எட்டிப் பார்க்கப் போனவள் மூன்றரை மணி நேரம் கழித்துத் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தாளாம். படிப்பு முடிந்து வேலைக்குப் போன பின்பும் அந்த "முட்டைப் பந்து" அவளை விடவில்லை. வருஷா வருஷம் இருபத்து மூன்றாம் வரிசையில் இரண்டு சீட், ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. அணியின் நிறம் பச்சை என்பதால் அவளுடைய முக்காடும் ஆட்ட நாளில் பச்சை. எண்ணெய்க் கம்பெனியில் இஞ்சினியராக இருந்த வாப்பாவுக்கு இதெல்லாம் "வேலையத்த வேலை"; ஆனாலும் சனிக்கிழமைகளில் காருக்குப் பெட்ரோல் போட்டு வைப்பது அவர்தான்.

எங்கள் அணி பெரும்பாலும் தோற்கும். அதிலும் நகரத்தின் மறுகோடியில் இருந்த பணக்காரக் கல்லூரியின் சிவப்பு அணியிடம் தோற்பது என்பது ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும் தவறாமல் நடக்கிற காரியம். நான் பார்க்கத் தொடங்கியதிலிருந்து ஒருமுறைகூட அவர்களை நாங்கள் ஜெயித்ததில்லை.

எனக்குப் பதினொரு வயது நடந்த 2001-இல், செப்டம்பரில் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு எங்கள் வீட்டில் பல விஷயங்கள் சத்தமில்லாமல் மாறின. வாப்பா தாடியை எடுத்தார். கடையில் எங்களோடு தமிழ் பேசுவதைக் குறைத்தார். தெரிந்த ஆண்ட்டி ஒருவர் போன் பண்ணி, "தப்பா நினைக்காதீங்க, அந்த ஸ்கார்ஃபை மட்டும் கொஞ்ச நாள் அவாய்ட் பண்ணுங்களேன்" என்றார். உம்மா, "யோசிக்கிறேன்" என்று சொல்லி போனை வைத்தாள். யோசித்ததாகத் தெரியவில்லை, மறுநாளும் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனாள்.

அந்த வருஷத்துக் கடைசி ஆட்டம் நோன்பு மாதத்தில் வந்தது. காலையிலேயே வாப்பா தொடங்கிவிட்டார்.

"இந்த ஒரு மேட்ச்சை விட்டுடு. டிவில பார்த்துக்க. அத்தனை ஆயிரம் பேர் கூட்டம், எவன் எப்படி இருப்பான்னு தெரியாது."

"நான் என்ன தப்பு பண்ணினேன், வீட்டுக்குள்ள ஒளிஞ்சு உக்கார?"

"தப்பு பண்ணினேன்னு யார் சொன்னா? பிள்ளையையும் கூட்டிட்டுப் போறே."

"பிள்ளை பார்க்கத்தான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் உம்மா, பச்சை முக்காட்டைப் பின் குத்திக்கொண்டே.

ஸ்டேடியம் வாசலில் எல்லோருடைய பையையும் திறந்து பார்த்தார்கள். எங்கள் பையை மட்டும் இரண்டு பேர் பார்த்தார்கள். டப்பாவில் இருந்த பேரீச்சம்பழத்தையும் பருப்பு வடையையும் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தபோது நான் வெட்கத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். உம்மா திரும்பவில்லை.

ஆட்டம் பாதியாவதற்குள் நாங்கள் பதினேழு புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்களுக்குப் பின் வரிசையில், எங்கள் அணியின் பச்சைச் சட்டையையே போட்டிருந்த வாட்டசாட்டமான ஒரு மனிதன், அணி மேல் வந்த எரிச்சலை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவன் போல, உம்மாவின் தலைக்குப் பின்னால் குனிந்து, "உன் ஊருக்குத் திரும்பிப் போ" என்று ஆங்கிலத்தில் சொன்னான். நான் உம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "உம்மா, லெட்ஸ் கோ ஹோம், ப்ளீஸ்."

உம்மா எழுந்து அவன் பக்கம் முழுதாகத் திரும்பினாள். கைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து, அவளுடைய காயல்பட்டினத்து ஆங்கிலத்தில், நிதானமாக, வாசித்துக் காட்டினாள். "ரோ இருபத்து மூணு. சீட் பதினொண்ணு. நான் போக வேண்டிய இடம் இதுல எழுதியிருக்கு. வந்துட்டேன்."

அவன் ஏதோ முணுமுணுத்தான். நாலு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எனக்கு வேர்க்கடலை கொடுத்துவந்த கிழவனும் கிழவியும் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளை விட்டபோதும் அவர்கள் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. அந்த மனிதன் சொன்ன வார்த்தையைவிட அதுதான் எனக்கு வலித்தது.

இரண்டாவது பாதியில் எப்படியோ எங்கள் பையன்கள் எழுந்துகொண்டார்கள். பதினேழு பத்தாகி, பத்து நாலாகி, கடைசி நாற்பது வினாடியில் பந்து எங்கள் கையில் இருந்தது. எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு தாண்டினால் ஆறு புள்ளி, வெற்றி. மொத்த ஸ்டேடியமும் நின்றுகொண்டிருந்தது. உம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நோன்பு திறக்கும் நேரம். மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே டப்பாவைத் திறந்து, ஒரு பேரீச்சம்பழத்தை என் வாயிலும் ஒன்றைத் தன் வாயிலும் வைத்து, "பிஸ்மில்லாஹ்" என்றாள். நோன்புக்குச் சொன்னாளா, பந்துக்குச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூலையை நோக்கி எறிந்த பந்தை ஒரு ஒல்லிப் பையன் எம்பிப் பிடித்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தான்.

அதற்குப் பிறகு வந்த சத்தத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். உம்மா வாயில் பழக்கொட்டையோடு குதித்தாள். பின்னாலிருந்து அந்த மனிதன், முகமெல்லாம் சிரிப்பாக, ஹை-ஃபைவ் அடிக்க, உள்ளங்கையில் தட்டச் சொல்லி, கையை நீட்டினான். நான் சந்தோஷத்தில் யோசிக்காமல் அடித்துவிட்டேன். அடுத்து உம்மாவிடம் நீட்டினான். உம்மா குதிப்பதை நிறுத்தினாள். அவன் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், தன் கைகளைக் கட்டிக்கொண்டாள். அவன் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு கீழே இறங்கியது. உம்மா மைதானத்தின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து குதிக்க ஆரம்பித்தாள்.

ஃப்ரீவேயில் காரில் வீட்டுக்கு வரும்போது நான் அழுதேன். "நான் அடிச்சிட்டேனே, உம்மா."

"நீ சின்னப் பிள்ளை. உனக்குச் சந்தோஷம், அடிச்சே. அதுல ஒண்ணுமில்ல" என்றாள். வடையை நீட்டினாள்.

வாப்பா கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றிருந்தார். அடுப்பில் நோன்புக் கஞ்சி சூடாக இருந்தது. "யாராச்சும் ஏதும் சொன்னாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"ஒருத்தன் சொன்னான்" என்றாள் உம்மா. "நாங்க ஜெயிச்சிட்டோம்."

அடுத்த வருஷம் வாப்பா மூன்றாவது டிக்கெட் ஒன்று வாங்கினார். ஆட்டம் அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் நடுவில் பச்சைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

அந்த ஸ்டேடியத்தை இடித்துவிட்டார்கள். இப்போதிருக்கும் புது ஸ்டேடியத்தில் முதுகு சாய்க்கிற நாற்காலிகள். பச்சையும் சிவப்பும் வேறு வேறு லீக்குகளுக்குப் போய்விட்டதால், நவம்பர் கடைசியில் ஒன்றோடொன்று மோதுவதுமில்லை. இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் அந்த நீட்டிய கையில் வந்து நின்றுவிடுகிறார்கள். விளையாட்டு மனிதர்களைச் சேர்த்துவைக்கும் அல்லவா, உன் உம்மா கை கொடுத்திருக்கலாமே என்கிறார்கள். போன மாதம் உம்மாவிடமே கேட்டேன். அறுபதைத் தாண்டியவள், டிவியில் ஏதோ ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"கையைத்தானே நீட்டினான்? மன்னிப்பு கேக்கலையே" என்றாள். "கேட்டிருந்தா கொடுத்திருப்பேன்."